டக்ளஸ் ஏரிக் கள நிலையத்தில் சூழலியல் பயில்வோருக்கு: கேள்வி எழுதுவதிலிருந்து தரவை ஒப்படைப்பது வரை

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம், அம்மாநிலக் கீழ்த் தீபகற்பத்தின் வடகோடியில், பெல்ஸ்டன் என்னும் சிற்றூருக்கு அருகே, டக்ளஸ் ஏரியின் தென் ஃபிஷ்டெயில் விரிகுடாக் கரையில் இருக்கிறது. கோடைப் பருவத்தில் அங்கே சூழலியல் படிக்க வருபவர்கள், வகுப்புகளுக்கு இடையே, சில வாரங்களுக்குள் சொந்தமாக ஒரு சிற்றாய்வையும் செய்து முடிக்க வேண்டும். நான் அதை ஒரு முறை மாணவனாகச் செய்தேன். பிறகு படகில் உதவியாளனாக உட்கார்ந்து, புதிதாக வருபவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்த்தேன். கடினமான வேலைகளில் அவர்கள் தடுக்குவதில்லை. எளிய வேலைகளை வரிசை மாற்றிச் செய்துவிட்டு, அதை மூன்றாவது வாரத்தில்தான் உணர்கிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டி பெரும்பாலும் வரிசையைப் பற்றியதே.

1. புறப்படும் முன் சேர்த்துக்கொள்ள வேண்டியவை

துணியிலிருந்து தொடங்குங்கள். நம் ஊர் வெயிலை மனத்தில் வைத்துக்கொண்டு பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் மட்டும் எடுத்து வருபவர்கள் முதல் வாரத்திலேயே அவதிப்படுவார்கள். பெல்ஸ்டன் பகுதி அமெரிக்காவிலேயே குளிருக்குப் பேர்போனது; ஜூன் மாத இரவில்கூட வெப்பநிலை உறைநிலையை ஒட்டி இறங்குவதுண்டு. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், விரைவில் காயாது. கம்பளி அல்லது செயற்கை இழையாலான உள்ளுடை இரண்டு, மழைச்சட்டை, நனைந்தாலும் கவலையில்லாத ஒரு ஜோடி காலணி ஆகியவை இருந்தால் போதும்.

அடுத்து, நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு. அதில் சிவப்பு ஒளியும் இருக்க வேண்டும், காரணம் எட்டாம் பகுதியில் வரும். பென்சில்கள் நிறைய வேண்டும். பேனா மை நீரிலும், மாதிரிகளைப் பதப்படுத்தும் சாராயத்திலும் கரைந்துவிடும், பென்சில் எழுத்து கரையாது.

நீந்தத் தெரியாதவர்கள் அதை விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லாமல் படகில் ஏறுவதுதான் ஆபத்து, ஏனென்றால் வசந்தப் பருவத்தில் ஏரி நீர் மூச்சைத் திணறடிக்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். நன்றாக நீந்துபவரும் முதல் ஒரு நிமிடம் திண்டாடுவார். லைஃப் ஜாக்கெட்டைப் படகில் ஏறுவதற்கு முன்பே மாட்டிக் கொக்கியையும் போட்டுவிட வேண்டும்.

2. முதல் மூன்று நாள்: எதையும் அளக்காமல் இடத்தைப் பார்த்தல்

வந்த மறுநாளே மாதிரி எடுக்கத் துடிப்பவர்கள் உண்டு. வேண்டாம். நிலையத்துக்குச் சொந்தமான காடும் கரையும் 10,000 ஏக்கருக்கு மேல். அதன் பல மூலைகளில் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய நீண்டகால ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. எடுத்துக்காட்டாக, 2008-இல் 39 ஹெக்டேர் காட்டில் 6,700-க்கும் மேற்பட்ட ஆஸ்பென், பிர்ச் மரங்களின் பட்டையை வளையமாக உரித்து, அவை மெல்லச் செத்தபின் காடு கரியமில வாயுவை உள்வாங்கும் விதம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உங்கள் காலடி பட்டு மிதிபடும் நாற்றும், நீங்கள் பிடுங்கி எறியும், அடையாளத்துக்கு நட்ட வண்ணக் கொடியும் இன்னொருவரின் பல ஆண்டு உழைப்பு. எங்கே போகலாம், எங்கே எழுத்து மூலம் அனுமதி வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டு, வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏரியின் ஆழ வரைபடத்தைப் பார்க்கும்போது முதலில் அலகைப் பாருங்கள். அமெரிக்க வரைபடங்களில் ஆழம் அடியில் இருக்கும், நம் கயிற்றில் மீட்டர் குறி இருக்கும். 66 அடி என்பது 20 மீட்டர். வரைபடத்தில் 40 என்று கண்டு, 40 மீட்டர் கயிற்றைச் சுமந்துகொண்டு வந்த குழுவை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நின்ற இடத்தின் ஆழம் 12 மீட்டர்.

கரையோரக் காட்டில் மூன்று மூன்று இலையாக நிற்கும் பாய்சன் ஐவியை யாரையாவது காட்டச் சொல்லி அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். மாலையில் உடலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். ஆழமற்ற நீரில் நின்று வேலை செய்தால் கரையேறியதும் துண்டால் அழுத்தித் துடைக்க வேண்டும். நத்தையிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணிப் புழுவின் இளம்பருவம், தான் தேடும் பறவையென எண்ணி மனிதத் தோலைத் துளைத்து, உள்ளேயே செத்துப்போகும். அதனால் வரும் அரிப்புத் தடிப்பின் காரணத்தை ஒட்டுண்ணியியலாளர் வில்லியம் கார்ட் 1928-இல் கண்டறிந்தது இதே ஏரிக்கரையில்தான். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் ஒரு வாரத் தூக்கம் போகும்.

3. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

“ஏரியின் உயிரினப் பன்மை” என்பது தலைப்பு. அதைக் கேள்வி என்று கொள்ள முடியாது. “தென் ஃபிஷ்டெயில் குழியில், மேல் 5 மீட்டர் நீரில் உள்ள விலங்கு மிதவையுயிரிகளின் எண்ணிக்கை பகலைவிட இரவில் அதிகமா?” என்பது கேள்வி. (குழி என்பது ஏரியடியில் உள்ள ஆழமான பள்ளம்; விலங்கு மிதவையுயிரிகள் என்பவை நீரில் மிதந்து வாழும் சிறு விலங்குகள்.) எந்த இடம், எந்த ஆழம், எந்த உயிரி, எதோடு எதை ஒப்பிடுகிறோம் என்ற நான்கும் அதில் இருக்கின்றன. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் படகில் போய் நின்றபின் என்ன எடுப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் எடுப்பீர்கள். எடுத்த எல்லாவற்றையும் எண்ணி முடிக்க நேரம் இருக்காது.

கேள்வியை எழுதியதும் அதன் கீழே ஒரு வெற்று வரைபடம் போடுங்கள்: கிடை அச்சில் என்ன, குத்தச்சில் என்ன, எத்தனை புள்ளிகள். புள்ளிகளைக் கற்பனையாக இரண்டு விதமாக வைத்துப் பாருங்கள். இரண்டு விதத்துக்கும் நீங்கள் ஒரே முடிவைத்தான் எழுதப்போகிறீர்கள் என்றால் அந்தக் கேள்வியை மாற்றுங்கள். இதற்கு ஒரு மாலை போதும். இதைத் தவிர்த்தவர்களுக்கு இரண்டு வாரம் வீணாகிறது.

4. எத்தனை மாதிரி, எத்தனை இடம்

டக்ளஸ் ஏரியின் அடித்தளம் ஒரே கிண்ணம்போல் இருப்பதில்லை. பனியாறு விட்டுச்சென்ற பனிக்கட்டிகள் உருகி உண்டான பல தனித்தனிக் குழிகள் அதில் உள்ளன. கோடையில் வெதுவெதுப்பான நீர் மேலும் குளிர்ந்த நீர் கீழுமாகப் பிரிந்தபின், ஒவ்வொரு குழியின் அடிநீரும் மற்றதோடு கலக்காமல் தனக்கென ஒரு போக்கில் மாறுகிறது. ஏரியியலாளர் பால் வெல்ச் இங்கே பல கோடைகளைச் செலவிட்டு இதைத்தான் எழுதினார். ஆகவே ஒரு குழியில் அளந்துவிட்டு “டக்ளஸ் ஏரியில்” என்று முடிவெழுதக் கூடாது.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழைதான் நான் அடிக்கடி கண்டது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் மூன்று முறை வலையை இறக்கிவிட்டு, “மூன்று மறுமுறைகள்” என்று அறிக்கையில் எழுதுவார்கள். அந்த மூன்றும் உங்கள் கை எவ்வளவு சீராக இருக்கிறது என்பதைத்தான் காட்டும். குழிக்கும் குழிக்கும், அல்லது இரவுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாட்டை அவை காட்டா. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் இதைப் போலி மறுமுறை என்று பெயரிட்டுச் சாடினார். பகல்-இரவு ஒப்பீடு என்றால் ஒரே இரவில் பத்து இழுவை எடுப்பதைவிட, ஐந்து இரவுகளில் இரண்டிரண்டு எடுப்பது பல மடங்கு மேல். வானிலை ஒன்றிரண்டு இரவுகளைப் பறித்துக்கொள்ளும் என்பதால், தேவையான நாள்களைவிட மூன்று நாள் கூட்டித் திட்டமிடுங்கள்.

5. படகுத்துறையில் ஒத்திகை

ஏரிக்குள் போவதற்கு முன், படகுத்துறையில் நின்றபடியே எல்லாக் கருவிகளையும் ஒரு முறை இயக்கிப் பாருங்கள். வான் டோர்ன் குப்பி என்பது இரு பக்கமும் திறந்த ஓர் உருளை. வேண்டிய ஆழத்தில் அதை நிறுத்தி, கயிற்றின் வழியே ஒரு சிறு எடையை விட்டால், அது போய்த் தட்டியதும் இரு மூடியும் அறைந்து மூடிக்கொள்ளும். இதன் ரப்பர் இழுவை பலமானது, விரலைப் பதம் பார்க்கும். ஆடும் படகில் முதன்முறையாக இதைப் பூட்டக் கற்றுக்கொள்வது தேவையற்ற சோதனை.

ஆக்சிஜன் அளக்கும் மின்கருவியையும் அன்றைக்கே சரிபார்க்க வேண்டும். காற்றோடு நன்கு கலந்த, 20 பாகை செல்சியஸ் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கும். கருவி 6 என்றோ 12 என்றோ காட்டினால் அதைத் திருத்தாமல் எடுத்துச் செல்லாதீர்கள். கயிற்றின் குறிகளை அளவுநாடாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய கயிறு நீண்டிருக்கும்.

6. படகில் வேலை வரிசை

இந்தப் பகுதியை மட்டும் தாளில் எழுதிப் படகில் ஒட்டிக்கொள்ளுங்கள். விதி ஒன்றுதான்: நீரைக் கலக்காத வேலை முதலில், சேற்றைக் கிளப்பும் வேலை கடைசியில்.

நங்கூரம்: அளக்கப்போகும் புள்ளிக்கு நேர்மேலே நங்கூரத்தைப் போடாதீர்கள். காற்று வரும் திசையில் சற்றுத் தள்ளிப் போட்டு, கயிற்றை விட்டுப் படகு பின்னோக்கி நகர்ந்து புள்ளிக்கு வரும்படி செய்யுங்கள். நேர்மேலே போட்டால் அடிச்சேறு எழும்பி, அடிநீர் மாதிரி முழுவதும் பாழாகிவிடும்.

தெளிவு: செக்கி தட்டு என்பது 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள, கறுப்பும் வெள்ளையுமாகக் கால்வட்டங்கள் தீட்டிய தட்டு. படகின் நிழல் விழும் பக்கத்தில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தையும், மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எழுதுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும். சூரியன் உச்சியை ஒட்டி இருக்கும்போது அளப்பது நல்லது. ஆனால் அங்கே கோடைக் கடிகாரத்தில் உச்சிவேளை 12 மணிக்கு வராது, பிற்பகல் 1.40-ஐ ஒட்டி வரும். உச்சிக்கு இரண்டு மணி நேரமே இருக்கிறது என்று எண்ணிக் காலை 10 மணிக்கு அளந்தவர் உண்மையில் உச்சிக்கு மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் இருக்கும்போதே அளந்திருக்கிறார்.

வெப்பநிலையும் ஆக்சிஜனும்: மேலிருந்து கீழாக, ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு முறை. எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருங்கள்; அவசரப்பட்டால் முந்தைய ஆழத்தின் எண்ணையே எழுதுவீர்கள். ஒரு மீட்டருக்குள் 1 பாகைக்கு மேல் வெப்பம் சரியும் இடம்தான் மேல்நீரையும் அடிநீரையும் பிரிக்கும் எல்லை. எந்தெந்த ஆழத்தில் நீர் எடுப்பது என்பதை இந்த அளவைப் பார்த்தபிறகே முடிவு செய்ய வேண்டும். முந்தைய வாரக் குழு 9 மீட்டரில் எடுத்தது என்பதால் நீங்களும் 9 மீட்டரில் எடுப்பது சரியில்லை, ஏனென்றால் ஒரு பலத்த காற்று இரண்டு நாளில் அந்த எல்லையைக் கீழே தள்ளிவிடும்.

நீர் மாதிரி: இதுவும் மேலிருந்து கீழாக. ஆக்சிஜனுக்கான நீரைக் குப்பியிலிருந்து முதலில் எடுங்கள், மற்றவை காத்திருக்கலாம்.

மிதவையுயிரி வலை: 30 சென்டிமீட்டர் வாய் விட்டமுள்ள வலையை 10 மீட்டர் ஆழத்திலிருந்து நேராக இழுத்தால், கணக்குப்படி ஏறத்தாழ 707 லிட்டர் நீர் அதன் வழியே போகிறது. இழுவை வேகம் சீராக, நொடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கட்டும். வேகமாக இழுத்தால் வலை நீரை வடிகட்டாமல் முன்னே தள்ளும். காற்றில் படகு ஆடிக் கயிறு சாய்ந்தால் ஆழம் பொய்யாகும்: 45 பாகைச் சாய்வில் 10 மீட்டர் கயிறு எட்டுவது 7 மீட்டரைத்தான். சாய்வைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வலையை வெளியே எடுத்ததும் வெளிப்புறத்திலிருந்து நீர் தெளித்து, உள்ளே ஒட்டிய உயிரிகளை அடிக்குவளைக்குள் இறக்குங்கள். வாய் வழியாக நீர் ஊற்றினால் புதிய உயிரிகள் சேர்ந்துகொள்ளும்.

சேறு அள்ளுதல்: எக்மன் பெட்டி அடித்தளத்தில் வாயை மூடிக்கொள்ளும்போது ஒரு சேற்று மேகம் எழும். இதற்குப்பின் அந்த இடத்தில் வேறு எதையும் அளக்க முடியாது. ஆகவே இதுதான் கடைசி.

இடியோசை கேட்டால் எந்தப் படியில் இருந்தாலும் அப்படியே விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்ப வேண்டும். பாதி முடிந்த அளவைக் காப்பாற்ற நினைப்பவர் படகில் ஒருவராவது இருப்பார். அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

7. ஆக்சிஜன் குப்பி: ஒரு காற்றுக்குமிழி போதும்

மின்கருவி இருக்கும்போது, மருந்து சேர்த்து ஆக்சிஜனை அளக்கும் வின்க்லர் முறை எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். கருவி பொய் சொன்னால் கண்டுபிடிக்கத்தான். மூன்று ஆழத்திலாவது இரண்டையும் செய்து ஒப்பிடுங்கள்.

வான் டோர்ன் குப்பியின் குழாயை 300 மில்லி கண்ணாடிக் குப்பியின் அடிவரை விட்டு, நீர் நிரம்பி வழிந்து, குப்பியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு வெளியேறும்வரை ஓட விடுங்கள். அப்போதுதான் காற்றைத் தொட்ட முதல் நீர் வெளியே போகும். குழாயை மெதுவாக உருவுங்கள். மாங்கனீசு சல்பேட் 1 மில்லி, கார அயோடைடு 1 மில்லி சேர்த்து, குமிழி சிக்காமல் மூடியைச் சாய்வாகச் செருகி, தலைகீழாகப் புரட்டிக் கலக்குங்கள். பழுப்பு நிறத்தில் பஞ்சுபோல் படிவு இறங்கும். அது வெண்மையாகவே நின்றால் பதற வேண்டாம், மருந்து கெட்டுப்போகவில்லை. நீரில் ஆக்சிஜன் இல்லை என்று பொருள். கோடையின் பிற்பகுதியில் குழிகளின் அடிநீரில் இதைக் காண்பீர்கள்.

படிவு பாதிக்கு இறங்கியதும் மீண்டும் ஒரு முறை புரட்டி, மறுபடி இறங்க விட்டு, பிறகு கந்தக அமிலம் 1 மில்லி சேருங்கள். இந்த நிலையில் மாதிரி சில மணி நேரம் தாங்கும், இருட்டில் வைத்துக் கரைக்குக் கொண்டுவரலாம். ஆய்வகத்தில் 201 மில்லி அளந்து எடுத்து, 0.025 மோலார் வலிமையுள்ள தையோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வைக்கோல் நிறம் வந்தபின்தான் ஸ்டார்ச் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் அது அயோடினை இறுகப் பிடித்துக்கொண்டு முடிவை மழுப்பும். நீலம் மறையும் கணத்தில் செலவான ஒவ்வொரு மில்லிக்கும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆக்சிஜன் என்று நேரடியாக எழுதலாம். 201 என்ற விநோத அளவு எதற்கென்றால், முதலில் சேர்த்த 2 மில்லி மருந்து வெளியேற்றிய நீரை ஈடுகட்டத்தான்.

8. இரவு மாதிரி

பகல்-இரவு ஒப்பீட்டில் நம்மவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்யும் தவறு இது. நமக்கு ஆறரைக்கு இருட்டிவிடும். எட்டு மணி என்றால் இரவு. இங்கே ஜூன் கடைசியில் சூரியன் மறைவதே இரவு 9.30-க்கு. அதன்பின்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் வெளிச்சம் இருக்கும். நானே முதல் முறை எட்டரை மணிக்குப் போய் வலையை இறக்கிவிட்டு, “இரவிலும் மேலே ஒன்றுமில்லை” என்று குறிப்பெழுதிய ஆள். 11 மணிக்குமேல் போங்கள். நிலா எந்த நிலையில் இருந்தது, மேகம் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள், ஏனென்றால் உயிரிகள் மேலே வருவதும் வராததும் வெளிச்சத்தைப் பொறுத்தது.

சிவப்பு விளக்கு இதற்குத்தான். வெள்ளை ஒளியை நீரில் அடித்தால் நீங்கள் எண்ண வந்த உயிரிகள் இடம் மாறும், உங்கள் கண்ணும் இருளைக் காண முடியாமல் போகும். தனியாகப் போகக் கூடாது. போகும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் கரையில் உள்ள ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

9. கரையேறியதும் எதை முதலில் கவனிப்பது

கெடக்கூடியது முதலில். பச்சையம் அளக்க வேண்டிய நீரை அன்றைக்கே மங்கலான ஒளியில் கண்ணாடியிழைத் தாளில் வடிகட்டி, தாளை அலுமினியத் தகட்டில் சுற்றி உறைபெட்டியில் வையுங்கள். ஒளி பட்டால் பச்சையம் சிதையும். தாவர மிதவையுயிரிகளுக்கு லூகால் என்னும் அயோடின் கரைசலைச் சேருங்கள், நிறம் பால் கலக்காத இளந்தேநீர்போல் இருந்தால் போதும். விலங்கு மிதவையுயிரிகளைச் சாராயத்தில் போடுவதற்கு முன் கொஞ்சம் சோடாநீர் ஊற்றி மயக்குங்கள். நேராகப் போட்டால் உடல் சுருங்கி, முட்டைகளை உதறி, இனம் காண முடியாமல் போகும்.

சீட்டைக் குப்பிக்கு உள்ளேயும் போடுங்கள், பென்சிலில் எழுதி. மூடியில் மட்டும் எழுதிய இரண்டு குப்பிகளின் மூடிகள் இடம் மாறிய கதை ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது.

10. கழுவிக் காயவைத்தல்

வேற்றிடத்திலிருந்து வந்து பரவும் வரிக்குதிரைச் சிப்பி டக்ளஸ் ஏரியில் 2001-இல் தென்பட்டது. அதன் இளம்பருவம் கண்ணுக்குத் தெரியாது, வலையின் மடிப்பிலும் படகின் அடியில் தேங்கிய நீரிலும் தங்கி அடுத்த ஏரிக்குப் போகும். ஆகவே வேறு ஏரிக்கோ சதுப்புக்கோ போவதற்கு முன் எல்லாவற்றையும் வடித்து, வெந்நீரில் அலசி, குறைந்தது 5 நாள் காயவிட வேண்டும். படகைச் சாலையில் ஏற்றுமுன் நீரை முழுக்க வடிக்க வேண்டும் என்பது 2019 முதல் மிச்சிகனில் சட்டமும்கூட. இரண்டு ஏரிகளை ஒப்பிடுவதாக உங்கள் திட்டம் இருந்தால், இந்த 5 நாளைக் கால அட்டவணையில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள், அல்லது இரண்டு வலைகளைக் கேட்டு வாங்குங்கள்.

11. எண்ணுதல், பதிதல், ஒப்படைத்தல்

குப்பியை மெல்ல ஆட்டிக் கலக்கியபின், அகன்ற வாயுள்ள உறிஞ்சியால் சிறு அளவு எடுத்து, குறைந்தது நூறு உயிரிகளாவது எண்ணுங்கள். குறுகிய வாய் என்றால் பெரிய உயிரிகள் உள்ளே வராது, சிறியவையே அதிகம் என்று தவறாகத் தோன்றும். பகல், இரவு மாதிரிகளில் எது எது என்பதைத் தெரியாமல் எண்ணினால் இன்னும் நல்லது. குப்பிகளுக்கு ஒரு நண்பரை எண் இடச் சொல்லுங்கள். இரவில் அதிகம் இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் கண் அதிகமாகவே காணும்.

களத்தாளைப் படம் எடுத்துவிட்டு, அன்றிரவே கணினியில் ஏற்றுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் பதியட்டும். இரண்டு நாள் கழித்தால் 1-ஆ 7-ஆ என்று எழுதியவருக்கே தெரியாது. எண்ணிப் பார்த்து ஒன்றுமில்லை என்றால் சுழியம் இடுங்கள். எண்ணவே இல்லை என்றால் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். இந்த இரண்டையும் குழப்பிய அட்டவணையைப் பிறகு யாராலும் மீட்க முடியாது.

பருவம் முடியும்போது அட்டவணையோடு ஒரு பக்க விளக்கத்தையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும்: எந்தக் குழி, ஜிபிஎஸ் புள்ளி, வலையின் விட்டமும் கண்ணளவும், ஆழம் எந்த அலகில், நேரம் கோடைக் கடிகாரப்படியா இல்லையா, எந்த நாளில் எந்தக் கருவி பழுதாகியிருந்தது. எண்ணி முடித்த குப்பிகளில் சாராயம் குறைந்திருந்தால் நிரப்பி, சீட்டைச் சரிபார்த்து, வைக்க வேண்டிய அலமாரியைக் கேட்டு அங்கே வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.